சிறு மனையிற் பியானோ

வீடு சிறிதாயினும் மனம் பெரிதாயின் விருந்தினர் பத்துப் பேரையும் இருத்தி உணவளிக்கலாம். ஆயின், ஒரு பியானோவை அவ்வாறு இருத்த முடியுமா? மனம் எவ்வளவு விரிந்தாலும் சுவர் விரிவதில்லையன்றோ? வெள்ளவத்தையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலே, ஒரு தொடர்மாடியின் மூன்றாந் தட்டில் எமது வீடு அமைந்துள்ளது. அறைகள் இரண்டு, ஆட்கள் ஐவர். அவ்வீட்டினுள் ஒரு வாத்தியத்தைக் குடியேற்ற முயன்ற கதையையும், அதில் நாம் விட்ட பிழையையும், அப்பிழையாற் கற்ற பாடத்தையும் இங்கே கூறப் புகுகின்றோம். எம்மைப்போல் இடநெருக்கடியில் வாழும் குடும்பங்களுக்கும், பள்ளிப் படிப்போடு இசையும் பயிலும் மாணவ மாணவியர்க்கும் இது சிறிதேனும் பயன்படுமென நம்புகின்றோம்.

பிழை எவருடையது?

எமது மகளுக்குப் பதினொரு வயது நிரம்பியபோது பியானோ பயில வேண்டும் என்னும் ஆசை பிறந்தது. ஆசிரியையின் வீடு நடைதூரத்தில் இருந்தது. கிழமைக்கு ஒரு முறை பாடம். ஏனைய நாட்களில் வீட்டிலே பயிற்சி. பயிற்சிக்குக் கருவி வேண்டுமே! நாம் ஒரு கடைக்குச் சென்றோம். 61 கட்டைகள் உடையதும், ஒரு கையாலே தூக்கத்தக்கதும், நூற்றுக்கணக்கான வாத்தியங்களின் ஒலிகளை எழுப்ப வல்லதுமான ஒரு கீபோட்டை அங்கே கண்டோம். மேசைமேல் வைத்து வாசிக்கலாம். வாசித்து முடிந்ததும் கட்டிலின் கீழே தள்ளிவிடலாம். விலையும் எம் கைக்கு எட்டியது. இதனிலும் சிறந்தது ஏது என எண்ணி, மகிழ்ச்சியோடு வாங்கி வந்தோம்.

ஓராண்டு கழிந்தது. ஒரு நாள் மகளை அழைத்துவரச் சென்றபோது ஆசிரியை எம்மைத் தனியே அழைத்தார்.

“பிள்ளை நோட்ஸ் எல்லாம் பிழையில்லாமல் வாசிக்கிறா. ஆனால் பாதி நோட்ஸுக்குச் சத்தமே வருகுதில்லை. வீட்டிலை ஒழுங்காப் பயிற்சி செய்யிறவவோ?” என்று கேட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நாம் மகளைக் கடிந்துகொண்டோம். பணம் செலவழித்து வாங்கிக் கொடுத்தும் பயிற்சியில் ஊக்கமில்லையே என்றோம். அவள் மறுமொழி கூறாது நடந்தாள். வாயிலை அடைந்ததும் விம்மி அழத் தொடங்கினாள்.

“அப்பா, வீட்டிலை நான் தொட்டாலே சத்தம் வருது. ரீச்சற்ற பியானோக் கட்டை என்ர விரலுக்கு அசையுதில்லை.”

அதனை நாம் ஒரு சாக்கென்றே கொண்டோம். ஆயினும் மனம் கேளாது, அடுத்த கிழமை ஆசிரியையின் அனுமதியோடு அப்பியானோவின் கட்டையொன்றை எம் விரலால் அழுத்திப் பார்த்தோம். வீட்டிலுள்ள கீபோட்டின் கட்டை நீரிலே விரல் வைத்தாற்போல் இறங்குவது. இதுவோ ஓர் எடையைத் தூக்குவதுபோல் எதிர்த்து நின்றது. சிறு விரலாலே தொடர்ந்து நாலு முறை அழுத்தியபோது எமக்கே கை களைத்தது. ஓராண்டு முழுவதும் ஒரு பிள்ளையை வெறும் தரையிலே நீச்சல் பழக்கிவிட்டு, கடலில் இறக்கியதும் நீந்தவில்லையே என்று ஏசியவர் நாம் என்பது அப்போது விளங்கிற்று. பிழை பிள்ளையுடையது அன்று.

கட்டையின் உள்ளே நடப்பது

நம்மவர் நன்கு அறிந்த ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே கட்டை என்பது ஒரு கதவே. அது திறந்ததும் துருத்தியின் காற்று உள்ளே புகுந்து உலோக நாக்கை அதிரச் செய்கின்றது. கதவை மெல்லத் திறந்தாலும் படாரெனத் திறந்தாலும் ஒலியின் அளவு மாறாது. ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தியை இயக்கும் மற்றைய கையின் வேலை.

பியானோ அத்தகையதன்று, ஒருவகையில் அது மிருதங்கத்திற்கு உறவு. அடிக்கும் வேகமே அங்கே ஒலியின் அளவு. இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரிலே, மெடிச்சி குலத்து இளவரசரின் வாத்தியங்களைப் பேணிவந்த பர்த்தொலோமேயோ கிறிஸ்தோபோரி என்பவர் ஏறக்குறைய 1700 ஆம் ஆண்டளவில் இதனை ஆக்கினார். அதற்கு முன்பு வழங்கிய ஹாப்சிகோட் என்னும் வாத்தியத்திலே, பறவையின் இறகுத் தண்டு தந்தியைச் சுண்டும். எப்படி அழுத்தினும் ஒலி ஏறத்தாழ ஒரே அளவினதே. கிறிஸ்தோபோரி சுண்டுதலை நீக்கி, சிறு சுத்தியலால் தந்தியை அடிக்கும் பொறியை அமைத்தார். மெல்ல அழுத்தினால் மெல்லொலி, வலிந்து அழுத்தினால் வல்லொலி. இத்தாலிய மொழியிலே ‘பியானோ’ என்பது மெல்லெனவும் ‘போர்ற்றே’ என்பது வலிதெனவும் பொருள்படும். அவ்விரு சொற்களும் இணைந்தே வாத்தியத்தின் பெயராயின. அவர் கையாற் செய்தவற்றுள் மூன்று இன்றும் உள்ளன. அவற்றுள் மூத்தது 1720 ஆம் ஆண்டினது. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் இருக்கின்றது.

ஊஞ்சற் பலகைபோல் நடுவிலே தாங்கப்பட்ட ஒரு மரத்துண்டே பியானோக் கட்டை. நாம் அழுத்தும் முனை ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் கீழிறங்க, மறு முனை மேலெழுந்து, கம்பளி போர்த்த சுத்தியலைத் தந்தியை நோக்கி எறிகின்றது. கட்டையை அசைக்க ஏறக்குறைய 50 கிராம் எடை தேவை. மந்தரத் தந்திகள் பருத்தவை. அவற்றை அடிக்கும் சுத்தியல்களும் பெரியவை. எனவே இடப்புறக் கட்டைகள் சற்றுப் பாரமாகவும், வலப்புறம் செல்லச் செல்ல இலேசாகவும் இருக்கும். பியானோ பயிலும் பிள்ளையின் விரல் அறிய வேண்டியது இந்தப் பாரத்தையே. எவ்வளவு விசைக்கு எவ்வளவு ஒலி என்னும் கணக்கை ஏட்டிலே எழுதிக் கற்க இயலாது. விரலே அதனைக் கற்க வேண்டும்.

மூவகைக் கட்டைகள்

இலத்திரனியல் வாத்தியங்களிலே தந்தியுமில்லை, தந்தியை அடிக்கும் சுத்தியலுமில்லை. ஆயினும் கட்டைகளின் அமைப்பை நோக்கின் அவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வில்லினால் மட்டும் மீளுங் கட்டை. அழுத்தியதும் இறங்கும், விட்டதும் துள்ளி எழும். எம் வீட்டிலிருந்த கீபோட் இவ்வகையினது. இரண்டாவது, வில்லோடு சிறிது எடையும் சேர்ந்த அரைப்பாரக் கட்டை. மூன்றாவது, ஒவ்வொரு கட்டையோடும் ஒரு சிறு சுத்தியல்போன்ற எடை இணைக்கப்பட்ட முழுப்பாரக் கட்டை. அந்தச் சுத்தியல் எதனையும் அடித்து ஒலியெழுப்புவதில்லை. விரலுக்குப் பாரத்தை உணர்த்துவதற்காக மாத்திரமே அது உள்ளே எழுந்து விழுகின்றது. இடம் பாரமாகவும் வலம் இலேசாகவும் படிப்படியே அமைந்த முழுப்பாரக் கட்டைகளே பியானோ மாணவர்க்கு உரியவை.

ஒலி பிறப்பது எவ்வாறு எனின், கட்டை இறங்கும் வழியிலே இரண்டு அல்லது மூன்று உணரிகள் உள்ளன. முதல் உணரியைக் கடந்த கணத்திற்கும் அடுத்ததைக் கடந்த கணத்திற்கும் உள்ள இடைவெளியைக் கருவி அளக்கின்றது. இடைவெளி குறுகினால் அடி வலியது, நீண்டால் மெல்லியது. 1983 ஆம் ஆண்டிலே இலத்திரனியல் வாத்தியங்களுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட மிடி என்னும் முறையிலே, ஓர் அடியின் வேகம் 1 முதல் 127 வரையான எண்ணாற் குறிக்கப்படுகின்றது. மலிவான சில கீபோட்டுகளில் இவ்வுணர்வே இல்லை. ஆர்மோனியக் கதவுபோல் எப்படி அழுத்தினும் ஒரே ஒலி.

இங்கே ஒரு நுட்பத்தையும் கருத வேண்டும். வாத்தியத்தின் உடலை ஒடுக்க ஒடுக்க, உள்ளேயுள்ள நெம்புகோலும் குறுகுகின்றது. அதனால், கட்டையின் முன்விளிம்பில் அழுத்துவது எளிதாகவும், கருங்கட்டைகளின் இடையே உள்ளே தள்ளி அழுத்துவது கடினமாகவும் இருக்கும். ஒடுங்கிய உடலுக்கு நாம் கொடுக்கும் மறைவான விலை இதுவே. ஆகவே கடையிலே நின்று ‘என்ன அழகான மெல்லிய உடல்’ என வியப்பதோடு நில்லாது, ஒரே வெண்கட்டையை முன்விளிம்பிலும் உட்புறத்திலும் மாறி மாறி அழுத்திப் பார்த்தல் வேண்டும். கடைக்கோடி இடக்கட்டையையும் வலக்கட்டையையும் ஒப்பிடுதல் வேண்டும். ஒரே கட்டையை மிக மெல்லவும், பின்னர் வலிந்தும் வாசித்து, ஒலி படிப்படியாக வளர்கின்றதா எனக் கேட்டல் வேண்டும். இவை யாவற்றையும் வாசிக்கும் பிள்ளையின் விரலே செய்ய வேண்டும். தந்தையின் விரலுக்குத் தீர்ப்புரிமை இல்லை.

எத்தனை கட்டை போதும்?

இடம் குறைந்தோர்க்கு முதலில் தோன்றும் எண்ணம், கட்டைகளின் தொகையைக் குறைக்கலாமே என்பது. முழுப் பியானோவிற்கு 88 கட்டைகள்; வெள்ளை 52, கறுப்பு 36. இத்தொகை 1880களிலேயே நிலைபெற்றது. அதற்கு முற்பட்ட மேதைகள் இதனிலும் குறைந்த கட்டைகளோடுதான் இசை படைத்தனர்.

பாஹ் 1722 இல் தொகுத்த ‘நன்கு சுருதிகூட்டிய கிளேவியர்’ முதற் புத்தகம் நான்கு ஸ்தாயிகளுள் அடங்குவது. அதற்கு 49 கட்டைகள் போதும். மோட்சாட் வாசித்த அன்ரன் வால்ற்றரின் பியானோவிற்கு 61 கட்டைகள். பேதோவனுக்கு இலண்டன் புறோட்வூட் நிறுவனத்தார் 1817 இல் அனுப்பிவைத்த பியானோவிற்கு 73 கட்டைகள். அது இப்போது புடாபெஸ்ற் நகர நூதனசாலையில் உள்ளது.

‘அப்படியானால் மோட்சாட்டுக்குப் போதிய 61 எம் பிள்ளைக்குப் போதாதோ?’ என வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயின் எண்ணிக்கை ஒன்றாயினும் தொடங்குமிடம் ஒன்றன்று. மோட்சாட்டின் 61 கட்டைகள் கீழே ‘எஃப்’ சுரத்திலே தொடங்கின; இக்காலத்து 61 கட்டைக் கருவிகள் பொதுவாக அதற்கு மேலுள்ள ‘சி’யிலே தொடங்குகின்றன. ஆகவே, அவர் பயன்படுத்திய மந்தர சுரங்களுள் ஏழு எம் கருவியிலே இல்லை. ஒரு பொத்தானை அழுத்தி முழு வரிசையையும் கீழிறக்கலாமென்பது உண்மை. அப்போது மேலே பன்னிரண்டு சுரங்கள் போய்விடும். தொடக்க வகுப்புப் பாடங்களுட் பெரும்பாலானவை 61 இல் அடங்கும். 73 ஆயின் நெடுந்தூரம் செல்லலாம். அதற்குமேல் கற்க விரும்புவோர்க்கு 88 வேண்டும்.

இனி, இவ்வாறு குறைப்பதால் மிஞ்சும் இடம் எவ்வளவு? ஒரு வெண்கட்டையின் அகலம் ஏறக்குறைய 23.5 மில்லிமீற்றர். 88 கட்டை வரிசையின் அகலம் ஏறக்குறைய 122 சென்ரிமீற்றர். 73 இனது 101. 61 இனது 85. எனவே 88 ஐ விடுத்து 73 ஐக் கொண்டால் எமக்கு மிஞ்சுவது 21 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண். அந்த ஒரு சாணுக்காக மந்தரத்தையும் தாரத்தையும் இழக்கலாமா என்பதை அவரவர் சுவரைப் பார்த்துத் தீர்மானித்தல் வேண்டும். மேலும், முழுப்பாரக் கட்டைகளோடு 73 இல் வருங் கருவிகள் மிகச் சிலவே. அவையும் பெரும்பாலும் மேடைக் கலைஞர்க்காகச் செய்யப்படுபவை. எடுத்துக்காட்டாக, யமஹாவின் சிபி73 என்பதன் நிறை 13.1 கிலோகிராம், அதனுள் ஒலிபெருக்கியும் இல்லை. கட்டை குறைந்தும் பாரமும் செலவும் குறையவில்லை என்பதைக் கவனிக்க.

பத்திரிகைத் தாளால் ஓர் அளவை

மகளின் அறை 10 அடி நீளம், 9 அடி அகலம். கட்டில், உடுப்பு அலுமாரி, படிப்பு மேசை ஆகியன போக, யன்னலுக்கும் அலுமாரிக்கும் இடையே எஞ்சிய சுவர் 4 அடி 6 அங்குலம். அதாவது 137 சென்ரிமீற்றர். நாம் செய்த ஒரு காரியத்தை எல்லோர்க்கும் பரிந்துரைக்கின்றோம். பழைய ஞாயிறு இதழ்களின் தாள்களை ஒட்டி, வாங்க எண்ணிய வாத்தியத்தின் அளவிற்கு வெட்டி, அது நிற்கவேண்டிய இடத்திலே தரையில் விரித்தோம். இரண்டு நாட்கள் அவ்வாறே கிடந்தது. அலுமாரிக் கதவு அதன்மேல் எவ்வளவு தூரம் திறக்கின்றது, யன்னலூடாகச் சாரல் அதன்மேல் விழுமா, இரவிலே தண்ணீர் குடிக்க எழும் அப்பம்மாவின் கால் அதிலே இடறுமா என்பன யாவும் அத்தாளினால் வெளிப்பட்டன. அலுமாரியை அரைச் சாண் நகர்த்த வேண்டியிருந்தது. பொருள் வருமுன் நகர்த்தியதால் வேலை எளிதாயிற்று.

நிமிர்ந்து நிற்கும் மரப் பியானோவொன்று ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் அகலமும் 60 சென்ரிமீற்றர் ஆழமும் கொள்ளும். நிறை 200 கிலோகிராமுக்குக் குறைவது அரிது. அதனை மூன்றாந் தட்டுக்கு ஏற்றுவது எவ்வாறு? ஏற்றினாலும், கடலோரத்து உப்புக் காற்றிலே தந்தி துருவேறும். ஈரத்திலே மரம் விம்மிச் சுருதி கலையும். சுருதி கூட்டுபவரை அடிக்கடி அழைக்க வேண்டும். இவற்றை எண்ணியே அவ்வாசையைக் கைவிட்டோம்.

ஒடுங்கிய இலத்திரனியல் பியானோக்களின் அளவைப் பார்ப்போம். யமஹா பி-145: அகலம் 132.6 சென்ரிமீற்றர், ஆழம் 26.8, நிறை 11.1 கிலோகிராம். காசியோ பிஎக்ஸ்-எஸ்1100: அகலம் 132.2, ஆழம் 23.2, நிறை 11.2. றோலண்ட் எஃப்பி-10: அகலம் 128.4, ஆழம் 25.8, நிறை 12.3. இம்மூன்றும் 88 முழுப்பாரக் கட்டைகள் உடையன. அகலத்திலே மரப் பியானோவிற்கும் இவற்றிற்கும் பெரும் வேறுபாடில்லை. ஆழத்திலேயே பாதிக்கு மேல் மிஞ்சுகின்றது. நாம் அறிந்த முதல் உண்மை இதுவே: சிறு வீட்டிலே இடத்தை மீட்டுத் தருவது குறைந்த கட்டையன்று, குறைந்த ஆழமே. எனினும் வாசிப்பவர் அமர இடம் வேண்டும். வாத்தியத்தின் பின்விளிம்பிலிருந்து ஆசனத்தின் பின்புறம் வரை ஏறக்குறைய ஒரு மீற்றர் விட்டுவைத்தல் நலம். வாசியாத வேளையில் ஆசனத்தை வாத்தியத்தின் கீழே தள்ளிவிடலாம்.

தாங்கியும் மிதியும்

வாத்தியத்தைத் தெரிந்தெடுத்த களைப்பிலே தாங்கியை அலட்சியம் செய்வோர் பலர். பெருக்கற் குறிபோன்ற தாங்கி மடக்குவதற்கு எளிது; ஆயின் வாசிப்பவரின் முழங்காலுக்கு அது இடையூறு, வலிந்து வாசித்தால் ஆடவும் கூடும். நான்கு கால்களிலே உறுதியாய் நிற்பதே நன்று. கட்டைகளின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 72 சென்ரிமீற்றர் உயரத்தில் அமைதல் வழக்கம். பிள்ளை அமர்ந்ததும் முழங்கை கட்டைகளின் மட்டத்திலே நிற்கவேண்டும். தோள் உயர்ந்தால் ஆசனம் தாழ்ந்தது என்பது பொருள். படிப்பு மேசைமேல் வாத்தியத்தை வைத்தால் கட்டைகள் மிக உயர்ந்துவிடும். நாம் முன்னர் செய்த மற்றொரு பிழை அது.

கருவியோடு வரும் மிதி பெரும்பாலும் ஒரு சிறு பெட்டிபோன்றது. காலடியிலே வழுக்கி ஓடும். அடியிலே ஒரு றப்பர்த் துண்டை ஒட்டினால் நிற்கும். வளர்ந்த மாணவர்க்கு, அரைவாசி மிதித்தால் அரைவாசி நீடிக்கும் மிதியே உகந்தது. அதனைக் கருவி ஏற்குமா என்பதை வாங்குமுன் கேட்டறிக.

கீழ்த் தட்டுக்காரரின் வினா

ஹெட்போன் அணிந்து வாசித்தால் அயலவர்க்குத் தொல்லையில்லை என நாம் நம்பியிருந்தோம். வாத்தியம் வந்து பத்து நாட்களில், கீழ்த் தட்டிலே வசிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் படிக்கட்டில் எம்மை மறித்தார்.

“தம்பி, ஒண்டு கேட்டால் கோவிக்கக்கூடாது. இரவிலை உங்கட வீட்டிலை ஆரேன் மா இடிக்கிறவையோ?”

நாம் திகைத்தோம். பின்னரே காரணம் விளங்கிற்று. ஹெட்போன் இசையை அடக்கும். கட்டை அடிமட்டத்திலே தட்டுவதை அடக்காது. அத்தட்டல் தாங்கியின் காலூடாகத் தரையில் இறங்கி, அவர் வீட்டுக் கூரையிலே உலக்கை ஒலியாகக் கேட்டிருக்கின்றது. பாரமுள்ள கட்டையாதலால் தட்டலும் பாரமுள்ளதாயிற்று. தாங்கியின் கால்களின் கீழே தடித்த றப்பர் விரிப்பையும், அதன்கீழ் மடித்த கம்பளத்தையும் இட்டோம். இரவு எட்டரைக்கு மேல் வாசிப்பதில்லை எனவும் உறுதி கூறினோம். சில நாட்கள் சென்றபின் பெரியவர், “இப்ப உலக்கை ஓய்ஞ்சிட்டுது” என்று சிரித்தார். தொடர்மாடியிலே வாழ்வோர் வாத்தியத்தின் விலையோடு அந்த றப்பர் விரிப்பின் விலையையும் சேர்த்தே கணக்கிடுக.

மின்சாரமும் பழைய பொருளும்

இலத்திரனியல் வாத்தியம் மின்சாரம் போனால் ஊமை. 2022 மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். மேற்குறித்த காசியோ பிஎக்ஸ்-எஸ்1100 போன்ற சில கருவிகள் ஆறு சிறிய பற்றரிகளாலும் இயங்கும். அது ஒரு சிறு நலமேயாயினும், பரீட்சைக்கு முதல் நாள் பெரு நலமாகலாம்.

பழைய பொருளை வாங்க எண்ணுவோர் ஒரு செய்தியை மறவாதிருப்பாராக. யப்பானிலே வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று. நம் நாட்டிலே 230. அந்நாட்டு வீடுகளுக்கெனச் செய்யப்பட்ட பழைய பியானோவை நேரே எம் சுவர்ச்செருகியில் இணைத்தால் அது கருகிப்போகும். பின்புறத்தில் அச்சிட்ட எண்ணைப் படித்த பின்னரே இணைக்க. 88 கட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே விசையோடு அழுத்திக் கேட்க. ஏதேனும் ஒன்று திடீரென அலறினால் அல்லது மௌனித்தால் அதன் உணரி தேய்ந்தது என அறிக.

பரீட்சைக்கு அமர்வோர் விதிகளையும் நோக்குதல் வேண்டும். 1889 இல் நிறுவப்பட்ட பிரித்தானிய அரச இசைக் கல்லூரிகளின் கூட்டுச் சபை, வாசிப்பை ஒளிப்பதிவு செய்து அனுப்பும் பரீட்சையை 2020 முதல் நடத்துகின்றது. அதற்கு இலத்திரனியல் பியானோவைப் பயன்படுத்தலாம். ஆயின் முழு அளவும் பாரமும் உடைய கட்டைகளும், ஒலியை நீடிக்கும் மிதியும் இருத்தல் வேண்டும். நாம் முதலில் வாங்கிய கருவி அங்கே வாசலிலேயே நின்றிருக்கும்.

முடிவில்

மேற்கூறிய மூன்று போன்றவற்றுள் ஒன்றையே நாம் வாங்கினோம். எது என்று கூறின் அது விளம்பரமாய் முடியும். மகளின் விரல் எதனை விரும்பியதோ அதுவே எம் வீட்டுக்கு வந்தது. முதல் மாதம் அவளுக்குக் கை நொந்தது. நாளுக்குப் பதினைந்து நிமிடமே வாசித்தாள். மூன்றாம் மாதமளவில் அரை மணி நேரம் அமர்ந்தாள். பின்னொரு நாள் ஆசிரியை வீட்டு வாயிலிலே நாம் காத்து நின்றபோது, உள்ளிருந்து பியானோ ஒலி வீதிவரை வந்தது. ஆசிரியையே வாசிக்கின்றார் என எண்ணினோம். கதவு திறந்ததும் அவர் கூறியது இரண்டே சொற்கள்: “இப்ப கேக்குது.” ஓராண்டுக்கு முன் அதே வழியிலே ஏசிக்கொண்டு நடந்த நாம், அன்று மகளிடம் மன்னிப்புக் கேட்டோம். “அது பரவாயில்லை அப்பா” என்று கூறி, அவள் ஐஸ்கிறீம் வாங்கித் தரும்படி கேட்டாள்.

இன்னுமொன்று கூறி முடிப்போம். ஹெட்போன் அயலவரைக் காத்தது. ஆயின் வீட்டாரையும் செவிடராக்கிற்று. பிள்ளை கட்டைகளிலே விரலோட்டுவதைப் பார்த்து, அப்பம்மா ஒரு நாள், “உவள் என்ன, நெடுக மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்?” என்று கேட்டார். அன்று தொடக்கம் மாலை ஐந்து மணிக்கு அரை மணி நேரம் ஹெட்போனைக் கழற்றி வைப்பதென்பது எம் வீட்டு வழக்கமாயிற்று. அவ்வேளையில் அப்பம்மா கதிரையை அறை வாயிலுக்கு இழுத்துப் போட்டு அமர்கின்றார். கீழ்த் தட்டுப் பெரியவரும் தமது யன்னலைத் திறந்து வைப்பதாகக் கூறுகின்றார்.

சிறு மனையிலே வாழ்வோர் பலவற்றைக் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும். வாத்தியத்தின் மரத்தைக் குறைக்கலாம், ஆழத்தைக் குறைக்கலாம், நூறு விதமான ஒலிகளையும் மின்னும் விளக்குகளையும் முழுதாகவே நீக்கலாம். பிள்ளையின் விரல் தூக்கிப் பழகவேண்டிய அந்த ஐம்பது கிராமை மாத்திரம் குறையாதிருப்போமாக.